பிள்ளைக் காம்பராவில் பிடித்த சத்தம்

லோஜன் அழகனின் கருமாதிக்கு ஆட்டுக்குச் சொல்லிவிட்டு வந்த அன்றுதான் மழை பிடித்தது. மலையில் மழை ஒரு பெரிய விசயமில்லை. தேயிலைக் கொழுந்துச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகிற சனத்துக்கு அது வீட்டு மனுசர் மாதிரி, வரும், இருக்கும், போகும். ஆனால் இந்த மழை வந்த விதம் யாருக்கும் பிடிக்கவில்லை. காற்று இல்லை, இடி இல்லை, ராப்பகலாய் ஒரே அளவில் கொட்டிக்கொண்டே இருந்தது. நானுஓயாவுக்கு மேலே ரயில் ஓடவில்லை என்றார்கள். வலப்பனைப் பக்கம் ரோட்டில் மண் விழுந்து பஸ் நின்றுவிட்டதாம். வட்டகொடை ஸ்டேசனிலிருந்து மேல் டிவிசனுக்கு ஏறுகிற பாதையில் தண்ணீர் செம்மண் கரைந்து ஓடியது. குடிக்கப் பிடிக்கிற பீலித் தண்ணீர்கூடக் கலங்கிப் போனதால் சனங்கள் கூரைத் தண்ணீரைப் பிடித்துச் சோறாக்கினார்கள்.

லோஜன், செத்துப்போன அழகனுக்கு மச்சினன், ஜீவராணியின் கூடப்பிறந்த தம்பி. நாற்பதைத் தொட்டுவிட்டான், கல்யாணம் கட்டவில்லை, சாப்பாடு அக்காள் வீட்டில்தான். கழுத்தில் எந்நேரமும் ஒரு பெரிய ஹெட்போன் தொங்கும். அவன் என்ன வேலை செய்கிறான் என்று சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் தோட்டத்தில் யாருமில்லை. ப்ரொடியூசர் என்று ஒருமுறை வாயை விட்டுவிட்டான். அன்றிலிருந்து, தம்பி, படம் எப்ப வருது என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லியே அலுத்துப் போனான்.

அவன் கதை தலவாக்கலையில் ஒரு லவுட்ஸ்பீக்கர் கடையில் தொடங்கியது. திருவிழாவுக்குத் திருவிழா மரத்தில் ஏறிக் குழாய் கட்டுகிற வேலை. குழாயை எந்தப் பக்கம் திருப்பினால் பாட்டு எந்த மலையில் முட்டித் திரும்பும் என்று அந்த வயதிலேயே கண்டுபிடித்துவிட்டான். பிறகு கொழும்பில் ஒரு ஸ்டூடியோவில் வயர் சுற்றப் போனான். அங்கே இருந்த பெரிய இன்ஜினியர்கள் பக்திப் பாட்டுக்கும் விளம்பரத்துக்கும்தான் கை வைப்பார்கள். தலைமயிர் வளர்த்துக்கொண்டு வருகிற ராக் பையன்களைக் கண்டால் அவர்களுக்கு ஆகாது. அந்தப் பையன்கள் லோஜன் தலையில் விழுந்தார்கள். அவன் ட்ரம்ஸைச் சுற்றி மைக்கை வைத்துப் பார்த்தான், தள்ளி வைத்துப் பார்த்தான், கதவுக்கு வெளியே, மாடிப்படியில் எல்லாம் வைத்துப் பார்த்தான். நெஞ்சில் வந்து இடிக்கிற மாதிரி ஒரு சத்தம் பிடித்துக் கொடுத்தான். அதற்குப் பிறகு சிங்களப் பையன்களும் தமிழ்ப் பையன்களும் அவனுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பதினைந்து வருசம் அப்படி ஓடியது. பெட்ரோலுக்கும் கேஸுக்கும் நாடே வரிசையில் நின்ற காலத்தில் ஸ்டூடியோவை மூடினார்கள். இரண்டு பெட்டி மைக்கும் ஒரு கம்ப்யூட்டருமாக லோஜன் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, லயத்துக்குத் திரும்பி வந்தான்.

அப்போதுதான் பழைய பிள்ளைக் காம்பரா அவன் கண்ணில் பட்டது. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற கட்டிடம் அது. வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் சுவர். ரோட்டோரம் புதிதாக ஒன்று கட்டியபின் சும்மா கிடந்தது. லோஜன் உள்ளே போய்க் கைதட்டிப் பார்த்தான். தட்டின கை அவனுக்கே வேறு ஆளுடைய கையாகக் கேட்டது. தோட்டத்துத் துரையைப் பிடித்துச் சாவியை வாங்கிவிட்டான். லயத்துக்கு மேலே, டர்பன்டைன் காட்டுக்குக் கீழே, மலைச்சரிவின் நடுவில் இருந்தது அவன் ஸ்டூடியோ. ஹட்டனில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளையான இர்ஷாத் தன் பேண்டைக் கூட்டிக்கொண்டு அங்கேதான் வந்தான். ட்ரம்ஸ் அவன் அடிப்பான். ஒரு முழு ஆல்பம், ஜெர்மனியில் வெளியிட ஆள் காத்திருந்தார். லோஜனின் வாழ்க்கையில் அவன் பெயர் கடல் தாண்டப் போவது அதுதான் முதல் தடவை.

தோட்டம் முழுக்க அதைக் காட்டுக்கத்தல் என்று திட்டியது. அழகன் ஒருவன்தான் திட்டாதவன். மலையில் தண்ணீர் ஓடக் கான் வெட்டிவிட்டு, மண்வெட்டியை வாசலில் சாத்திவிட்டு, ஜீவராணி சுட்ட ரொட்டியையும் கட்டச் சம்பலையும் தேத்தண்ணியையும் கொண்டுவந்து கொடுப்பான். பையன்கள் சாப்பிடும்வரை பேசிக்கொண்டு நிற்பான். மைக்குகள் திறந்தேயிருக்கும். அவன் பேச்செல்லாம் பாட்டோடு பாட்டாகப் பதிவாகும். லோஜன் பிறகு அதை வெட்டித் தள்ளிவிட்டு வேலையைப் பார்ப்பான்.

அந்த அழகனைத்தான் குளவி கொட்டியது. பிள்ளைக் காம்பராவுக்கு நேர் மேலே, கான் வெட்டிக்கொண்டிருந்த இடத்தில். கூப்பிடு தூரம். அவன் கத்தியிருக்கிறான். உள்ளே இர்ஷாத் ட்ரம்ஸை உடைக்கிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தான், லோஜன் காதில் ஹெட்போன். கொழுந்து மலையிலிருந்து பெண்கள் ஓடிவந்து கதவைத் தட்டும்போது நேரம் கடந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. ஜீவராணி அதைப் பற்றித் தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததுதான் லோஜனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

ஒரு நாள் மட்டும் கேட்டாள். தம்பி, அவரு பேசுனது ஒன்னோட மெசின்ல இருக்குமா, எனக்கும் புள்ளைக்கும் ஒருக்காப் போட்டுக் காட்டு என்றாள். தேடிப் பார்க்கிறேன் அக்கா என்று சொல்லிவிட்டு வந்தான். தேடவில்லை. தேடினால் அந்தக் கடைசி நாளும் வரும். ட்ரம்ஸுக்கு அடியில் அந்தக் கத்தலும் இருக்குமோ என்ற பயத்தில் அவன் அந்தப் பக்கமே போகவில்லை.

மழை பிடித்தபின் இர்ஷாத் வரவில்லை. கரண்டும் போய்விட்டது. கம்ப்யூட்டரில் மிஞ்சியிருந்த பேட்டரியில் லோஜன் பழைய வேலையைத் தட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாட்டைப் பிடிக்க முன்னால் எல்லாரையும் மூச்சுக்கூட விடாமல் இருக்கச் சொல்லி, வெறும் அறையைக் கொஞ்ச நேரம் பிடித்து வைப்பான். ஒவ்வொரு அறைக்கும் ஒரு மௌனம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால்தான் பாட்டிலிருந்து அதைக் கழிக்க முடியும். இந்த அறையின் மௌனத்தில் அடியில் ஒரு முட்டு உண்டு. டொம் என்று ஒன்று, வெகுநேரம் கழித்து இன்னொன்று. இர்ஷாத் காலை ஆட்டுகிறான் என்று ஏசியிருக்கிறான். நான் கால வைக்கவே இல்ல அண்ணன் என்று அவன் சத்தியம் செய்வான். சனியனை விடு என்று அடிச்சத்தத்தை மொத்தமாக வெட்டிவிட்டு லோஜன் வேலையைத் தொடர்வான்.

இப்போது ட்ரம்ஸ் இல்லை, பையன்கள் இல்லை. மைக்கைத் தரையோரம் வைத்து அறையைக் கேட்டான். முட்டு இருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக, மூச்சு வாங்குகிற இடைவெளியில் வந்துகொண்டிருந்தது. பழைய மௌனங்களை எடுத்து வரிசையாகக் கேட்டான். மாதத்துக்கு மாதம் அந்த முட்டு நெருங்கி வந்திருந்தது. கதவைத் திறந்து மழையோடு மழையாக டர்பன்டைன் காட்டுக்கு ஏறினான். காட்டு ஓரத்தில் மண் ஒரு படி கீழே இறங்கி நின்றது. வெடிப்புக்குள் அவன் முழங்கைவரை போனது. மழைத்தண்ணீர் சுழித்துக்கொண்டு அதற்குள் இறங்கியது. அவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது என்று தெரியவில்லை.

திரும்பிவந்து அந்தச் சத்தத்தைப் போனில் ஏற்றிக்கொண்டு, தொழிற்சங்கத் தலைவர் வீரய்யாவிடம் ஓடினான். அவர் முதலில் சிரித்தார். லோஜன் ஹெட்போனைக் கழற்றி அவர் காதில் வைத்தான். அவர் சிரிப்பு நின்றது. ஹெட்போனைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டு, பேரப்பிள்ளைகளை எழுப்பப் போனார். அதற்குள் கிராம சேவகரிடமிருந்தும் சொல்லி வந்தது, எல்லாரும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஸ்கூலுக்குப் போக வேண்டுமாம். லோஜன் போன் பண்ணியதில் இர்ஷாத்தும் வேனை எடுத்துக்கொண்டு எப்படியோ வந்து சேர்ந்தான். ட்ரம்ஸை ஏற்ற வந்த வேனில் கிழவர்களையும் கைப்பிள்ளைக்காரிகளையும் ஏற்றினார்கள். மத்தியானத்துக்குள் லயம் காலியாகிவிட்டது, வரிசையின் கடைசியில் ஜீவராணி இருந்த தொங்கல் காம்பராவைத் தவிர.

தொங்கல் காம்பராவில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அழகனைக் கிடத்திய இடத்தில் சாணி மெழுகி, ஒரு விளக்கும் ஒரு செம்புத் தண்ணீரும் வைத்து, ஜீவராணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மகள் நிஷாந்தி தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் இருந்தாள். லோஜன் ஈரத்தோடு வாசலில் நின்றான்.

"அக்கா, கெளம்பு. எல்லாரும் போயிட்டாங்க."

"நீ புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போ. நான் கருமாதிய முடிச்சிட்டு வாறேன்."

"அம்மா இல்லாம நான் போக மாட்டேன்," என்றாள் நிஷாந்தி.

"வெளக்கையும் செம்பையும் தூக்கிக்க அக்கா. ஸ்கூல்ல ஒரு மூலையில வச்சுக்கலாம்."

"ஸ்கூல்லயா அவர நீட்டிப் படுக்க வச்சோம்? இந்த எடத்துலதான வச்சோம். தெனம் பொழுதுபட வந்து தண்ணி குடிச்சிட்டுப் போறாரு. செம்புல தண்ணி கொறையிறத நீயும்தான் பாத்த. வந்து பாக்கையில கதவு சாத்தி, வெளக்கு இல்லாம இருட்டாக் கெடந்தா அந்த மனுசன் எங்க போவாரு?"

"மலை எறங்குது அக்கா. நான் கேட்டேன். என் காதால கேட்டேன்."

ஜீவராணி அப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அழுது அழுது வற்றிப்போன கண்.

"அன்னிக்கி அந்த மனுசன் தலைக்கு மேல நின்னு கத்துனாரு. அது ஒனக்குக் கேக்கல. இன்னிக்கி மலை நகர்றது கேக்குதாக்கும்."

லோஜன் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். அவள் அம்மிக்கல்லைக் கட்டிக்கொண்டாள். இருபது வருசம் கூடை சுமந்த உடம்பு, அவனால் அசைக்க முடியவில்லை. வீரய்யா வந்து கெஞ்சினார். தலைவரே, உங்க வீட்டுல சாவு விழுந்தா வெளக்க அமத்திட்டு வருவீங்களா என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார். பெண்களைக் கூட்டிவந்து தூக்கிக்கொண்டு போகலாம் என்றால், ஆற்றுப் பாலத்தில் தண்ணீர் ஏறுகிறது, போன வேன் திரும்பி வருமோ வராதோ என்ற நிலைமை.

அவன் பிள்ளைக் காம்பராவுக்கு ஏறினான். அங்கே போகக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். தரையில் காலை வைத்தபோதே முட்டு உள்ளங்காலில் தெரிந்தது. ஹெட்போன் தேவைப்படவில்லை. கம்ப்யூட்டரில் இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தது. வெட்டித் தள்ளிய துண்டுகளை எல்லாம் திறந்தான். கடைசி நாளை மட்டும் திறக்கவில்லை.

அழகன் வந்தான். ஒவ்வொரு நாளாக வந்தான். நேரமாச்சு தம்பிகளா, வெளிய வாங்க, ரொட்டி ஆறுது என்றான். இந்த அடி அடிச்சா ட்ரம்மு எத்தன நாளைக்குத் தாங்கும் என்று கேட்டுச் சிரித்தான். ஜீவராணி கை ரொட்டிக்கு ஹட்டன் டவுன்ல ஈடு கெடையாது தம்பி என்று இர்ஷாத்திடம் பெருமை பேசினான். லோஜனின் கை வேலையைத் தொடங்கிவிட்டது.

பாட்டுக்காரன் பத்துத் தடவை பாடியதில் நல்ல நல்ல வார்த்தையைப் பொறுக்கி, அவன் பாடவே பாடாத ஒரு பாட்டைக் கட்டிக் கொடுப்பது அவனுக்குச் சோறு தின்கிற மாதிரி. அதைச் செய்துதான் கொழும்பில் பேர் வாங்கினான். ஒரு நாளிலிருந்து அக்காளின் பேரை எடுத்தான், இன்னொரு நாளிலிருந்து நேரமாச்சு என்பதை எடுத்தான். பையன்களுக்குச் சொன்ன வாங்க என்பதில் மரியாதையை நறுக்கிவிட்டு வா என்று மிச்சம் வைத்தான். நடுவில் அழகனின் மூச்சு ஒன்றை எடுத்து ஒட்டினான். எதிரொலி ஒன்றும் சேர்க்கவில்லை. சினிமாவில்தான் செத்தவர்கள் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவார்கள், அழகன் வாசலில் நின்றுதான் பேசுவான். கேட்டுப் பார்த்தான். அழகனேதான். தானே கட்டிய குரலைக் கேட்டு அவனுக்கு மயிர் சிலிர்த்தது. இந்தப் பாவத்துக்கு எங்கே போய்க் கழுவுவது என்று நினைத்தான். போனில் ஏற்றிக்கொண்டு, கையடக்கமான ஒரு ஸ்பீக்கரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மிச்சத்தை எல்லாம் அப்படியே போட்டுவிட்டுக் கீழே ஓடினான்.

லயத்துக்குப் பின்னால் கோழிக்கூட்டின் மேல் ஸ்பீக்கரை வைத்தான். தகரத்தில் மழை இரைந்தது. அந்த இரைச்சலுக்கு அளவாகச் சத்தத்தைக் கூட்டிப் போனை அழுத்தினான்.

"ஜீவராணி... நேரமாச்சு. வெளிய வா."

உள்ளே ஒரு பாத்திரம் உருண்டது. நிஷாந்தி, அப்பா என்றாள். பிறகு சத்தமே இல்லை. லோஜன் மறுபடி அழுத்தப் போனான், ஈரக் கையில் போன் நழுவியது. அதை எடுத்து நிமிர்ந்தபோது ஜீவராணி முன்பக்கத்து இஸ்தோப்புத் திண்ணையைக் கடந்து மழைக்குள் இறங்கியிருந்தாள். மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். விளக்கை எடுக்கவில்லை, கதவைச் சாத்தவில்லை. தம்பியைத் திரும்பிப் பார்க்காமல் பாதையில் வேகமாக நடந்தாள். அவன் ஸ்பீக்கரை விட்டுவிட்டுப் பின்னால் ஓடினான்.

பாலத்தருகே இர்ஷாத் வேனோடு நின்றான். இருவரையும் ஏற்றிவிட்டு லோஜன் மேலே பார்த்தான். எல்லாம் அங்கேதான் கிடந்தது. கம்ப்யூட்டர், ஹார்ட் டிஸ்க், முடிந்தும் முடியாமலும் கிடந்த ஆல்பம், கொழும்பிலிருந்து சுமந்துவந்த பதினைந்து வருசம், அழகனின் பேச்சு முழுவதும். ஓடிப்போனால் எடுத்துவிடலாம் என்று தோன்றியது. இரண்டு அடி வைத்தும் விட்டான். இர்ஷாத் வேனிலிருந்து குதித்து அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான். அண்ணன், ட்ரம்ஸ் என்னுது, நானே வேணாங்குறேன், ஏறுங்க என்றான்.

வேன் பாலத்தைத் தாண்டியதும் கேட்டது. கேட்டது என்று சொல்ல முடியாது, பல்லுக்குள் வந்தது. லோஜன் ஆயுசு முழுக்கத் தேடிய அடிச்சத்தம் அது, எந்த மைக்கிலும் நிற்காத சத்தம். டர்பன்டைன் மரங்கள் நின்ற நிலையிலேயே, விழாமல், வரிசை கலையாமல் கீழே வந்தன. பிள்ளைக் காம்பரா கொஞ்சத் தூரம் அவற்றோடு சேர்ந்து வந்தது. கருங்கல் சுவர் முழுசாக ஒரு பக்கம் திரும்பியது, அப்புறம் தெரியவில்லை. தொங்கல் காம்பராவின் தகரம் ஒருமுறை மேலே எழும்பியது. அதற்குப் பிறகு லயம் இருந்த இடத்தில் ஈர மண்தான் இருந்தது. வேனுக்குள் யாரும் கத்தவில்லை. நிஷாந்தி மட்டும் தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மழை விட்டது. ஸ்கூல் வகுப்புகளில் பாயைச் சுருட்டிவிட்டுச் சனங்கள் பருப்பும் சோறும் வாங்க நின்றார்கள். அத்தனை பேரும் உயிரோடு இருந்தார்கள். வீரய்யா லோஜனின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். லோஜனுக்குச் சோறு இறங்கவில்லை. அக்காளிடம் சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் இருந்தால் தலை வெடித்துவிடும் என்று இருந்தது. கரும்பலகைக்குக் கீழே அவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் போய்க் குந்தினான். அவன் வாயைத் திறக்க முன்னால் அவளே பேசினாள்.

"பேரச் சொன்னதுமே எனக்குத் தெரிஞ்சிருச்சு தம்பி."

அவன் முகம் வெளுத்தது.

"கட்டிக்கிட்ட நாள்லருந்து அவரு என்னையப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. இந்தா புள்ளன்னுவாரு. கோவம் வந்தா அதுவும் இல்ல, செருமுவாரு. ஊருல நாலு பேருகிட்ட என் பேரச் சொல்லுவாரு, என் மூஞ்சியப் பாத்துச் சொல்ல மாட்டாரு. வெக்கம் அவருக்கு."

"அக்கா..."

"புள்ள நெசம்னு நம்பி எந்திரிச்சிருச்சு. நான் ஒக்காந்துதான் இருந்தேன். அப்பறம்தான் நெனச்சேன். என் தம்பி எதுக்கும் பயந்தவன் இல்ல. அவன் செத்த மனுசன் வாயில பொய்ய வைக்கிறான்னா, மலை வரத்தான் போவுது. அதான் எந்திரிச்சு வந்தேன்."

லோஜன் அழுதான். சனங்கள் பார்க்கிறார்களே என்ற எண்ணம்கூட இல்லாமல் அழுதான். அவள் அவனைத் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. அவன் மூக்கைச் சிந்தி ஓய்ந்ததும் கையை நீட்டினாள்.

"சரி, அத விடு. அவரு நெசமாப் பேசுனதெல்லாம் ஒன்கிட்ட இருக்குல்ல. அதப் போடு. கேக்கணும்."

அவன் இல்லையென்று தலையை ஆட்டினான். எல்லாம் மேலேயே போய்விட்டது என்று சொன்னான். போனில் அவர் குரல் என்று இருப்பது அந்த ஒன்று மட்டும்தான் என்று சொன்னான். அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். எதிர்ப்பக்கத்து மலை உச்சியிலிருந்து ஆறுவரை தோலுரித்துக் கிடந்தது.

"அப்ப அதையே போடு," என்றாள்.

அவன் போனை எடுத்து அவள் காதருகே வைத்து அழுத்தினான். அழகன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான், நேரமாச்சு என்றான், வெளியே வரச் சொன்னான். ஜீவராணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவள் முகத்தில் வெட்கம் போல ஒன்று வந்து நின்றது.

"இன்னொருக்காப் போடு," என்றாள்.